சரிவுல வீடு கட்டுறீங்களா? மண்ண வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணி எங்க போகும்னு பாருங்க

சரிவான மனை வாங்கினதும் நிறைய பேர் மொதல்ல பண்றது ஜேசிபிய வரவச்சு இடத்த சமமாக்குறதுதான். மத்த தப்பெல்லாம் இதுக்குப் பின்னாடிதான் வரிசையா வரும். மேல்பக்கம் வெட்டி கீழ்ப்பக்கம் கொட்டி மைதானம் மாதிரி ஆக்கிடுறாங்க, வெட்டின பக்கம் கெட்டி மண்ணு, கொட்டின பக்கம் லூஸ் மண்ணு, வீடு பாதி இதுல பாதி அதுல, கொட்டினது வருஷக்கணக்கா அமுங்கிட்டே இருக்க சுவத்துல கோணலா விரிசல் ஓடும், அப்ப மேஸ்திரிய திட்டி என்ன பிரயோஜனம்? காலம், அதாவது கான்கிரீட் தூண், போட்டு தூக்கிக் கட்டுங்க, இல்ல சரிவோட போக்குலயே படிப்படியா ரெண்டு மூணு லெவலா இறக்குங்க. உலக அளவுல வெளியாகுற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 8% சிமென்ட் தயாரிப்புல இருந்துதான் வருதாம், அதனால கொட்டின மண்ண தாங்க ரெண்டாள் உயரத்துக்கு கான்கிரீட் சுவர் எழுப்பிட்டு மேல சோலார் மாட்டி பசுமை வீடுன்னு சொல்றதெல்லாம் கொஞ்சம் ஓவர்தான்.

தாங்கு சுவர் இல்லாம முடியாதுன்னா தண்ணிக்கு வழி விடுங்க. பின்னாடி 3 மீட்டர் உயரத்துக்கு தண்ணி தேங்கினா சுவரோட அடியில சதுர மீட்டருக்கு 3 டன் அழுத்தம் விழும், மண்ணோட தள்ளுவிசை தனி. வீப் ஹோல், அதாவது தண்ணி வெளிய வர சுவத்துல சின்ன ஓட்டை, வைக்கணும், அதுக்குப் பின்னாடி ஜல்லியும் ஃபில்டர் துணியும் போடணும், இல்லன்னா ரெண்டு மழையில சேறு அடைச்சிடும். அழகா இல்லன்னு அந்த ஓட்டைய பூசி மூடுற ஆளுங்களும் இருக்காங்க!

இப்ப நல்ல எண்ணத்துல பண்ற தப்பு ஒண்ணு. 100 சதுர மீட்டர் கூரையில 50 மி.மீ மழை பெஞ்சா 5000 லிட்டர். சமதரையில அத உறிஞ்சுகுழியில விடுறது நல்ல விஷயம், ஆனா சரிவுல வீட்டுக்கு மேல்பக்கமோ தாங்கு சுவருக்குப் பின்னாடியோ குழி தோண்டினா நீங்களே மண்ண ஊறவச்சு வழுக்க விடுறீங்கன்னு அர்த்தம். தொட்டியில சேமிங்க, நிரம்பி வழியறத பைப் வழியா கீழ இருக்குற இயற்கையான ஓடைக்கு, மண்ண அரிக்காத மாதிரி கொண்டுபோங்க. செப்டிக் டேங்க் தண்ணி இறங்குற குழிக்கும் இதே கவனம் வேணும், ஆனா அத ஓடையில விட்றாதீங்க. மேல இருந்து வழிஞ்சு வர்ற மழைத்தண்ணிய வீட்டுக்கு முன்னாடியே மறிச்சு ஒதுக்க ஒரு வாய்க்காலும் வேணும்.

வியூவுக்காக மரத்த வெட்டாதீங்க. வெட்டின உடனே ஒண்ணும் ஆகாது, அதுதான் ஏமாத்து, வேர் மக்க சில வருஷம் ஆகும், மண்ணு அதுக்கப்புறம்தான் நழுவும். புல்வெளிக்கு பதிலா வெட்டிவேர் வைக்கலாம், வேர் 3 மீட்டர் வரைக்கும் கூட இறங்கும்.

வியூ மேற்கு பக்கமா இருந்தா முழுக்க கண்ணாடி வேணாம். சாயங்கால வெயில் தாழ்வா வரும், சன்ஷேட் தடுக்காது, வெளிப்பக்கம் ஷட்டர் போட்டாத்தான் உண்டு.

சாயில் டெஸ்ட் பிளான் போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும், அதுவும் ஒரே இடத்துல எடுத்தா பத்தாது, மேல கீழ பாறை வேற வேற ஆழத்துல இருக்கும். மனைய நல்ல மழை விட்டதும் ஒரு தடவ போய் பாருங்க. அடிமரம் வளைஞ்ச மரங்க, தரையில நீளமா வெடிப்பு, புதுசா கசியுற ஊத்து இதெல்லாம் கண்ணுல பட்டா அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி மண் பரிசோதிக்கிற இன்ஜினியர கூட்டிட்டுப் போங்க.