கிறிஸ்மஸ் வழக்கங்கள கொஞ்சமா வச்சுக்கிட்டு மனசார செய்யுறது எப்படி

டிசம்பர் வந்துட்டா வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், ஸ்டார் கட்டணும், எல்லாருக்கும் துணி எடுத்து தைக்கக் குடுக்கணும், ஆறேழு வகை பலகாரம் சுடணும், நடுவுல கேரல் ரவுண்ட்ஸ் வேற, கடைசியில 25ஆம் தேதி விடியக்காலை ஆராதனைல நம்ம அம்மாமாரு அசதில கண்ணு சொக்கி உக்காந்திருக்காங்க, அதப் பாக்க எனக்கு மனசே கேக்காது.

அதனால நவம்பர் கடைசியிலயே எல்லாரும் வீட்ல இருக்கும்போது உக்காந்து கேளுங்க, எது இல்லன்னா கிறிஸ்மஸ் மாதிரியே இருக்காதுன்னு. சின்னப் பிள்ளைங்ககிட்டயும் கட்டாயம் கேளுங்க. அவங்க சொல்ற மூணு நாலு விஷயத்த மட்டும் வச்சுக்கோங்க, மத்தத இந்த வருஷம் விட்டுருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

பலகாரம்னா ஒண்ணு போதும். நாகர்கோவில் பக்கம்னா முந்திரிக்கொத்து. சிறுபயற வறுத்து தொலி போக்கி பொடிச்சுக்கணும், தேங்காயத் துருவி ஈரம் போக நல்லா செவக்க வறுக்கணும், இதுல அவசரப்பட்டா சீக்கிரமே சிக்கு வாடை வந்துரும். ஏலக்காயும் சேத்து வெல்லப்பாகு ஊத்திக் கிளறுனா சூடு ஆறுறதுக்குள்ள உருட்டியாகணும், ஆறிட்டா உதிந்து போகும், அதனால ஒரு ஆளால முடியாது, வீட்ல இருக்கிற எல்லாரும் சுத்தி உக்காந்து உருட்டணும். நான் இத விடக்கூடாதுன்னு சொல்றதே இதுக்குத்தான். அப்புறம் அரிசிமாவு கரைசல்ல முக்கி மூணு மூணா ஒட்டுற மாதிரி எண்ணெய்ல போட்டு எடுங்க. முதல் தட்டு பக்கத்து வீட்டுக்கு, தீபாவளிக்கு நமக்கு குடுத்து விட்டவங்களுக்கு.

லூக்கா சுவிசேஷத்துல 24 அதிகாரம் இருக்கு, டிசம்பர் 1ல தொடங்கி ராத்திரி குடும்ப ஜெபத்துல தினம் ஒண்ணு வாசிச்சா 24ஆம் தேதி உயிர்த்தெழுதல்ல வந்து நிக்கும், மறுநாள் காலைல திரும்ப ரெண்டாம் அதிகாரத்த எடுத்து வாசிங்க, முழுக் கதையும் தெரிஞ்ச பிறகு அந்தப் பிறப்பு வேற மாதிரி கேக்கும். வாசிக்கிறது பிள்ளைங்களா இருக்கட்டும், தடுமாறுனாலும் பரவாயில்ல.

குடிலுக்கு சீரியல் லைட்டு, மலை, அருவியெல்லாம் வேணும்னு கிடையாது. 1223ல இத்தாலியில கிரெச்சோங்கிற ஊர்ல பிரான்சிஸ் அசிசியார்ங்கிற துறவி வச்ச குடிலுக்கு வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். 14ஆம் தேதி வாக்குல கேழ்வரக ராத்திரி ஊறப்போட்டு தட்டுல கொஞ்சம் மண்ணு பரப்பி தூவுங்க, தண்ணி தெளிக்கிற வேலைய கடைக்குட்டிகிட்ட குடுங்க, கிறிஸ்மஸுக்குள்ள பச்சைப் புல்லா நிக்கும். முன்னணைய, அதாவது குழந்தைய கிடத்துற மாட்டுத்தொட்டிய, காலியாவே வச்சிருங்க, 24 ராத்திரி குழந்தை இயேசுவ வைக்கிறதும் அந்தக் கடைக்குட்டிதான். குழந்தையப் பாக்க கிழக்கிலருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகள தூரத்துல அலமாரில வச்சு தினம் கொஞ்சம் நகத்துங்க, அவங்க வந்து சேர ஜனவரி 6 ஆகும்.

புதுத்துணி விஷயத்துல ஒண்ணு சொல்றேன், ஒரு ஆளுக்கு ரெண்டு செட் எடுக்கிற வீடுன்னா ஒண்ணு எடுங்க, மிச்சக் காசுல உங்க சபையில துணி எடுக்க வழியில்லாத ஒரு குடும்பத்துக்கு எடுத்து 20ஆம் தேதிக்குள்ளயே குடுத்துருங்க, அப்பத்தான் அவங்களுக்கு தைக்க நேரம் இருக்கும். யாருக்குன்னு வெளில சொல்ல வேண்டாம், போட்டோவும் எடுக்க வேண்டாம்.

ஜனவரி 6 கழிஞ்சு குடில பிரிக்கும்போது குழந்தை இயேசு சுரூபத்த தனி டப்பால போட்டு மேல எழுதி வைங்க, சின்ன உருவம், வைக்கோலோட சேந்து குப்பைக்குப் போயிரும்.