விலை கூடிய பவர் கார்டு போட்டால் பாட்டு நன்றாகக் கேட்குமா? நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஸ்பீக்கரை இழுத்து வைத்து, வயரெல்லாம் மாட்டி நிம்மதியாக உட்காரும் நேரத்தில் யாராவது ஒருவர் வந்து "அந்தக் கறுப்புக் கார்டை முதலில் மாற்று, பேஸ் இறுகும், குரல் முன்னால் வந்து நிற்கும்" என்று கொளுத்திப் போட்டுவிடுவார். அவர் சொல்கிற கார்டு விரல் தடிமன் இருக்கும், மேலே பின்னல் உறை, முனையில் தங்க முலாம், விலை சில சமயம் ஆம்பையே தாண்டும். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கையில் இருக்கும் கார்டு பழுதில்லாமல், ஆம்புக்குப் போதுமான தடிமனோடு இருந்தால், அதை மாற்றுவதால் காதுக்கு எட்டுகிற வித்தியாசம் வராது. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம், ஒரு நண்பரும் ஒரு நாணயமும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

படி 1: கார்டுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பவர் கார்டு வழியாக இசை போவதில்லை. அதில் வருவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்சாரம், அவ்வளவுதான். வழக்கமான ஆம்பில் அது உள்ளே நுழைந்ததும் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்பும், பெரிய கெப்பாசிட்டர்கள் மேடுபள்ளத்தை நிரப்பும். இத்தனையும் தாண்டிய பிறகுதான் இசையைப் பெருக்குகிற பகுதிக்கு மின்சாரம் போய்ச் சேருகிறது.

கணக்கும் எளிதுதான். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 17 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ். ஒன்றரை மீட்டர் கார்டில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 3 மீட்டர், கிட்டத்தட்ட 0.05 ஓம். பலத்த தாளம் விழும் இடத்தில் ஆம்ப் ஒரு கணம் 10 ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், கார்டில் குறைவது அரை வோல்ட். 230 வோல்ட்டில் அரை வோல்ட்! ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது சுவர் சாக்கெட்டிலேயே அதைவிடப் பெரிய இறக்கம் வரலாம், ஆம்ப் அதையெல்லாம் தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது.

"கடைசி ஒன்றரை மீட்டர்தான் முக்கியம்" என்றும் சொல்வார்கள். அது கடைசி ஒன்றரை மீட்டரே இல்லை. கார்டு முடிகிற இடத்துக்குப் பிறகு ஆம்புக்குள் சாதாரண வயர் இருக்கிறது, பல ஆம்ப்களில் ஒரு சின்னக் கண்ணாடி ஃப்யூஸும் இருக்கிறது, அதன் நடுவில் தலைமுடி அளவுக் கம்பி ஓடுகிறது. விரல் தடிமன் கார்டில் வந்த மின்சாரமும் அந்த முடியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

படி 2: இருக்கிற கார்டைச் சோதியுங்கள்

ஆம்பை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுத்துவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். ஆம்பில் செருகுகிற முனை பெரும்பாலும் சி13 என்கிற மூன்று துளை வகையாக இருக்கும், அதன் பிளாஸ்டிக்கிலேயே 10ஏ 250வி என்று பொறித்திருப்பார்கள். கார்டின் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் 3 x 0.75 அல்லது 3 x 1.0 என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும்: மூன்று கம்பிகள், ஒவ்வொன்றும் அத்தனை சதுர மில்லிமீட்டர். வீட்டு ஸ்டீரியோ ஆம்புக்கு இது தாராளம். மிகப் பெரிய பவர் ஆம்ப், நீளமான கார்டு என்றால் 1.5 போடலாம், அதுவும் சாதாரணக் கார்டாகவே கிடைக்கும்.

பின்னில் கருகல், உறையில் வெடிப்பு, செருகினால் லொடலொடவென்று ஆடுவது, கொஞ்ச நேரம் ஓடியதும் பிளக் சுடுவது, இதில் ஏதாவது இருந்தால் கார்டை மாற்றியே ஆக வேண்டும். ஆடுகிற பிளக்கால் கரகரப்பும் வரும். விலை கூடிய கார்டு போட்டவுடன் "சத்தம் தெளிந்துவிட்டது" என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம், பழையது சரியாகவே உட்கார்ந்திருக்காது. பாதுகாப்பு முத்திரை உள்ள எந்த நல்ல கார்டும் அதைச் சரிசெய்திருக்கும்.

படி 3: 'ஊம்' சத்தம் இருந்தால் அதைத் தனியாகப் பிடியுங்கள்

பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ஊம் என்று ஒரு ரீங்காரம் வருகிறதா? பலர் கார்டு வாங்கக் கிளம்புவது இதற்காகத்தான். ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயரைத் தவிர அதில் செருகியிருக்கும் ஆடியோ வயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்து கேளுங்கள். ரீங்காரம் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்புக்குள் இருக்க வாய்ப்பு அதிகம், சர்வீஸுக்குக் கொடுங்கள். நின்றுவிட்டால், ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு ஒவ்வொரு வயராகத் திரும்பச் செருகிக்கொண்டே வாருங்கள், எதைச் செருகும்போது சத்தம் வருகிறதோ அங்கேதான் வினை. கம்ப்யூட்டராகவோ கேபிள் டிவி பெட்டியாகவோ இருக்கும், பெரும்பாலும்.

இதற்கு கிரவுண்ட் லூப் என்று பெயர். இரண்டு கருவிகள் தனித்தனியாக எர்த் ஆகி, நடுவில் ஆடியோ வயராலும் இணைந்திருந்தால் அந்த வயரின் உறையில் சிறு மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வரும், அதுதான் ஊம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் ஆடியோ வயருக்கு நடுவில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (இரண்டு பக்கத்தையும் நேரடியாக இணைக்காமல் இசையை மட்டும் கடத்துவது) ஒன்று போடலாம், அல்லது கருவியில் வசதி இருந்தால் பேலன்ஸ்டு வயருக்கு (இசையை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி இரைச்சலைக் கழிப்பது) மாறலாம். எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், டேப் ஒட்டி மறைக்கவும் வேண்டாம். ஊம் போகும், கூடவே உயிருக்கான பாதுகாப்பும் போகும்.

இன்னொன்று. பவர் கார்டும் ஆடியோ வயரும் பின்னால் ஒன்றாகச் சுருண்டு கிடந்தால் பிரித்து வையுங்கள், குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகப் போகட்டும். ஷீல்டு (உள்ளே உலோக மறைப்பு) போட்ட பவர் கார்டு செய்கிற வேலையை இது செலவில்லாமல் செய்துவிடும்.

படி 4: கண்ணை மறைத்துக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. விலை தெரிந்து கேட்டால் காது விலையைத்தான் கேட்கும், யாராக இருந்தாலும் சரி.

இரண்டு கார்டுகள் வேண்டும்: சாதாரணமானது ஒன்று, விலை கூடியது ஒன்று. இரண்டாவதை இரவல் வாங்குங்கள், அல்லது திருப்பித் தரும் வசதி இருந்தால் வாங்குங்கள். (200 மணி நேரம் ஓட்டினால்தான் கார்டு 'பழகும்' என்று சொன்னால் காலண்டரைப் பாருங்கள், திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடப் போகிறது.)

முதலில் மறைக்காமலே இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, என்ன வித்தியாசம் தெரிகிறது என்று எழுதி வையுங்கள். நன்றாகப் பழகிய ஒரு பாட்டில் 30 வினாடிப் பகுதி போதும். அப்புறம் நண்பர் ஆம்புக்குப் பின்னால் போகட்டும், கார்டு உங்கள் கண்ணில் படாதபடி ஒரு போர்வையைத் தொங்க விடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் சாதாரணம், பூ விழுந்தால் விலை கூடியது என்று மாட்டித் தன் தாளில் குறித்துக்கொள்வார். நீங்கள் கேட்டுவிட்டு உங்கள் தாளில் எழுதுவீர்கள். இரண்டு தாளும் கடைசி வரை சந்திக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை சில. ஆம்பை அணைத்து, விளக்கு முழுதாக அடங்கிய பிறகே கார்டை உருவ வேண்டும். அதே கார்டு மறுபடி விழுந்தாலும் உருவித் திரும்பச் செருக வேண்டும், இல்லாவிட்டால் 'டக்' சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். மாற்றும் நேரம் எல்லாச் சுற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதீர்கள், தலை ஒரு சாண் தள்ளினாலே அறையில் சத்தத்தின் தன்மை மாறிவிடும். சில ஆம்ப்கள் மின்சாரம் போய் வந்தால் வால்யூமைத் தாமாகவே வேறு அளவுக்குக் கொண்டுபோய்விடும், இதை ஒவ்வொரு முறையும் பார்த்துச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் துளி கூடுதலாக ஒலிப்பதுகூட நமக்கு 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும்.

மொத்தம் 16 சுற்று. தொடங்கும் முன்பே எண்ணிக்கையை முடிவு செய்துவிடுங்கள், நடுவில் நன்றாகப் போகிறது என்று நிறுத்தக் கூடாது. அலுப்புத் தட்டினால் பாதியை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் எழுதினாலே ஏறக்குறைய 8 சரியாக வந்துவிடும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால்தான் பேச்சு, வெறும் யூகத்தில் அந்த அளவு வருவதற்கு வாய்ப்பு 4 சதவீதம்கூட இல்லை.

படி 5: விருப்பம் இருந்தால் அளந்தும் பார்க்கலாம்

லைன் இன் (ஆடியோ உள்ளீடு) உள்ள கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டும் ரூம் ஈக்யூ விசார்ட் என்கிற இலவச மென்பொருளும் போதும். டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) அல்லது ப்ரீ ஆம்பின் (பவர் ஆம்புக்கு முன்னால் வரும் கருவி) லைன் அவுட்டை லைன் இன்னுக்குக் கொடுத்து, அந்தக் கருவியில் இரண்டு பவர் கார்டையும் மாற்றி மாட்டி ஒரே அளவீட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 60, 120, 180-ல்) வரைபடத்தில் நிற்கும் முட்களின் உயரம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பீக்கர் முனையிலிருந்து நேராக லைன் இன்னுக்கு வயர் இழுக்காதீர்கள், சவுண்ட் கார்டு போய்விடும்.

படி 6: 12-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ

அப்போதும் பணத்தை எடுக்க அவசரம் வேண்டாம். சாதாரணக் கார்டு என்று வைத்திருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே தடிமனில் இன்னொரு புதிய சாதாரணக் கார்டை மாட்டி 16 சுற்றையும் மறுபடி ஓட்டுங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் முதல் கார்டில்தான் பழுது. மறையவில்லை என்றால் நண்பரை மாற்றுங்கள், அவர் பெருமூச்சு விடுவதை வைத்தேகூட நீங்கள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கலாம்.