ஒரு மணி நேரம் நடந்தாச்சு, அப்புறம்?

சென்னையில் எந்தப் பூங்காவுக்கு விடிகாலையில் போனாலும் கூட்டம்தான். வாசலில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சூப், முளைகட்டிய பயறு. உள்ளே கை வீசி நடப்பவர்கள், கைபேசியில் அடிகளை எண்ணிக்கொண்டு சுற்றுபவர்கள். நல்ல விஷயம்தான். ஆனாலும் 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'INDIAB' ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாடு முழுவதற்குமான அளவு 11.4. நடப்பதில் பயனில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. நடையைச் சுற்றி நாம் சேர்த்து வைத்திருக்கும் சில நம்பிக்கைகள்தான் இடிக்கின்றன.

காலையோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பது

காலையில் நாற்பது நிமிடம் நடந்தாயிற்று. பிறகு வண்டியில் அலுவலகம், எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலி, மீண்டும் வண்டி, வீட்டில் சோபா. ஒன்பதரைக்குச் சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை. "நான்தான் தினமும் வாக்கிங் போறேனே" என்பவர்களில் பலருடைய நாள் இதுதான்.

இதில் லண்டன் பேருந்துகள் நல்ல பாடம். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் அங்கே மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்தவர்கள் இல்லை, வேலையே அப்படி. சும்மா சொல்லக்கூடாது, மாரிஸ் நேர்மையான ஆள். பிறகு அவரே சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு ஏற்கெனவே கூடுதலாக இருந்ததையும் வெளியிட்டார். வித்தியாசம் முழுவதும் படிக்கட்டால் வந்ததில்லை என்று ஆனது. ஆனாலும் அவர் தொடங்கி வைத்த கேள்வி நிலைத்துவிட்டது.

2016-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களுக்கு அதனால் வரும் கூடுதல் ஆபத்து நீங்க 60 முதல் 75 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்று கண்டது. அவ்வளவு நேரம் எல்லோருக்கும் கிடைக்காது. சரி, உட்காருவதையாவது உடைக்கலாம். போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசலாம். சாப்பிட்டதும் பத்து நிமிடம் தெருவில் நடக்கலாம். அந்த நேரத்தில் வேலை செய்யும் தசை, ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சோறு சாப்பிடும் நமக்கு இது விடிகாலை நடைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

பத்தாயிரம் அடி கணக்கையும் விட்டுவிடலாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண் அது. சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடிகாரம் ஆறாயிரம் காட்டுகிறதே என்று சோர்ந்துபோய் மறுநாள் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் உண்மையான நஷ்டம்.

எடை பார்க்கும் மெஷினை மட்டும் நம்புவது

"ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?" இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் குறைவு. 2004-ல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையின் கணக்கு, ஒரே 22.3. உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடல்வாகில் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். ஆகவே எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். இந்தியர்களுக்குச் சொல்லப்படும் வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

தசை குறைவு என்றால் தசையை வளர்க்க வேண்டும், அதை நடை மட்டும் செய்யாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து, வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்று இருப்பதை யாரும் சொல்வதில்லை. "அதெல்லாம் ஜிம் பசங்க வேலை" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஐம்பது வயதுக்கு மேல்தான் அது அதிகம் தேவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, படி ஏறுவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். முழங்கால் வலிக்கு ஓய்வுதான் மருந்து என்பதும் தவறு. மூட்டுத் தேய்மானத்தில் தொடைத்தசை வலுவாக இருந்தால் வலி குறையும்.

வீட்டு வேலையே போதும் என்று சொல்லும் அம்மாக்களுக்கு ஒரு சோதனை. மிதமான உழைப்பு என்றால் பேச முடியும், பாட முடியாது. கிரைண்டரும் வாஷிங் மெஷினும் ஓடும்போது தாராளமாகப் பாடலாம் என்றால் அது களைப்பு தரும் வேலைதான், பயிற்சி இல்லை.

எல்லாம் மனசு வைத்தால் முடியும் என்பது

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். நோயை ஒருவருடைய சோம்பேறித்தனமாகப் பார்ப்பது.

1990-களின் நடுவில் சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் மோகன் குழுவினர் இரண்டு குடியிருப்புகளில் ஆய்வு செய்தார்கள், ஒன்று நடுத்தர வருமானம், மற்றது குறைந்த வருமானம். முடிவுகளைக் கேட்ட நடுத்தர வருமானக் குடியிருப்பு மக்கள் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாகக் கூடினார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அங்கே சர்க்கரை நோய் 12.4-லிருந்து 15.4 சதவீதமாகியிருந்தது. குறைந்த வருமானக் குடியிருப்பிலோ 6.5-லிருந்து 15.3-க்கு ஏறிவிட்டது. பூங்கா ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏழைகளின் வேலையும் சாப்பாடும் அந்தப் பத்து வருடத்தில் மாறியிருந்தன. ஆனால் பணம் போட்டுப் பூங்கா கட்ட முடிந்தவர்களும் முடியாதவர்களும் ஒரே தொடக்கக்கோட்டில் நிற்கவில்லை என்பது தெளிவு.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து வருகிறவரிடமும், ராத்திரி பதினொரு மணி வரை உணவு டெலிவரி செய்கிறவரிடமும் "ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?" என்று கேட்பது எளிது. இருட்டில் நாய்க்கும் செயின் பறிப்புக்கும் பயந்து வெளியே வராத பெண்ணுக்கு மன உறுதி பற்றிய உரை எதற்கு? தெரு விளக்கு எரிந்தால் போதும். 2023 நவம்பரில் அரசு எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது. வரவேற்கலாம். அதைவிட, வீட்டு வாசலில் இருக்கும் நடைமேடையில் டிரான்ஸ்பார்மரும் பைக்கும் இல்லாமல் இருந்தால் இன்னும் அதிகம் பேர் நடப்பார்கள்.

பக்கத்தில் ஒருவர் விசாரித்துக்கொண்டே இருப்பதும் வேலை செய்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு நடையும் உணவும் பற்றி ஆலோசனை சொல்லி, விடாமல் தொடர்பில் இருந்தார்கள். மூன்று வருட முடிவில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு.

பெற்றோரின் சின்னச் சின்ன வேலைகளைப் பிடுங்குவது

இது பாசத்தால் நடக்கும் தவறு. "நீங்க ஏன்ப்பா வெயில்ல அலையணும், நான் ஆன்லைன்ல போட்டுடறேன்" என்று வெளிநாட்டிலிருந்து பிள்ளை சொல்கிறார். காய்கறி வீட்டுக்கு வருகிறது, மாத்திரை வருகிறது, மின்கட்டணம் கைபேசியில் போய்விடுகிறது. அப்பா நடந்த தூரம் போயிற்று. காய்கறிக்காரம்மாவிடம் பேரம் பேசியது, மருந்துக்கடைப் பையனிடம் அரசியல் பேசியது எல்லாம் சேர்ந்தே போயிற்று. 148 ஆய்வுகளைச் சேர்த்து 2010-ல் செய்த ஒரு பகுப்பாய்வில், வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. ஆகவே அரிசி மூட்டையை ஆன்லைனில் போடுங்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லியை அவரே போய் வாங்கட்டும்.

விபரீதமாகிவிடக்கூடியவை

சர்க்கரை அளவு இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது. இறங்கியதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு, குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரலாம், சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். பூங்காக்களில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த பாதை இருக்கிறதே, பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் அதில் வெறுங்காலில் நடக்கவே கூடாது. கல் குத்தியது தெரியாது, புண் ஆனபின்தான் தெரியும்.

நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிறது என்றால் அதை வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுக்க வேண்டும். நின்றபிறகும் வலி குறையவில்லை, வியர்க்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள்.