பஃபர் கணக்கில் சமன்பாட்டுக்கு முன்பே நடந்துவிடும் தவறு

வலிமை மிகுந்த அமிலம் வேறு, செறிவு மிகுந்த அமிலம் வேறு. பிஎச் ஏறினால் அமிலத்தன்மை குறையும். இதெல்லாம் ஒரு முறை சொன்னாலே சரியாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். விடைத்தாளுக்கு விடைத்தாள் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் வேறு. அவற்றில் பஃபர் (வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்த, பிஎச் எளிதில் மாறாத கரைசல்) கணக்கில் வரும் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதைச் செய்கிறார்கள், வரும் விடையும் பார்வைக்கு நியாயமாகவே இருக்கிறது.

வினை முடியும் முன்பே ஹென்டர்சனைக் கூப்பிடுவது

100 மி.லி. 0.10 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 40 மி.லி. 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கிறோம். அமிலத்தின் பிகேஏ (கேஏ என்னும் அமிலப் பிரிகை மாறிலியின் எதிர் லாக்) 4.76. பிஎச் என்ன?

அமிலம், காரம் இரண்டும் கண்ணில் பட்டதும் கை தானாக ஹென்டர்சன்–ஹேசல்பாக் சமன்பாட்டை, அதாவது பிஎச் = பிகேஏ + லாக் (அசிட்டேட்/அசிட்டிக் அமிலம்) என்பதை, எழுதத் தொடங்கி, அசிட்டேட் இடத்தில் காரத்தைப் போட்டுவிடுகிறது. இரண்டு செறிவும் 0.10, லாக் 1 பூஜ்ஜியம், ஆகவே 4.76 என்று சிலர். இன்னும் சிலர் மோலுக்கு மாற்றி, அமிலம் 10 மில்லிமோல், காரம் 4 மில்லிமோல், லாக் (4/10) போட்டு 4.36 என்கிறார்கள். இரண்டுமே தப்பு.

4.36 எழுதிய மாணவி ஒருத்தி, "மோல் எல்லாம் சரியாத்தானே சார் போட்டேன்?" என்று கேட்டாள். தாளில் ஒரு குடுவையை வரைந்து, இப்போது இதற்குள் ஹைட்ராக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "4 மில்லிமோல்" என்றாள். அங்கேதான் சிக்கல். ஊற்றிய ஹைட்ராக்சைடு அப்படியே உட்கார்ந்திருக்காது, அமிலத்தோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அந்த வினையின் சமநிலை மாறிலி 10⁹-ஐத் தாண்டும் என்பதால் அது முழுமையாக நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். 4 மில்லிமோல் காரம் 4 மில்லிமோல் அமிலத்தைத் தின்றுவிட்டு 4 மில்லிமோல் அசிட்டேட்டாகிறது, மீதி அமிலம் 6. இப்போதுதான் சமன்பாடு: 4.76 + லாக் (4/6) = 4.58. அந்தக் கரைசலில் மிஞ்சியிருக்கும் ஹைட்ராக்சைடு ஏறக்குறைய 4 × 10⁻¹⁰ மோலார், அவ்வளவுதான்.

ஹென்டர்சன் 1908-ல் தந்தது கேஏ கோவையைத் திருப்பி எழுதிய வடிவம்தான், லாக் பிறகு ஹேசல்பாக் சேர்த்தது. கேஏ கோவையில் இருப்பவை சமநிலைச் செறிவுகள், பாட்டில் லேபிளில் எழுதியிருக்கும் செறிவுகள் அதில் எங்கும் இல்லை. அதனால் வினைக்கு முன், மாற்றம், வினைக்குப் பின் என்று மூன்று வரி அட்டவணை போடாமல் லாக் பட்டனைத் தொடாதீர்கள், கணக்கு எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் சரி.

அட்டவணை போட்டால் இன்னொரு பள்ளத்திலிருந்தும் தப்பிக்கலாம். அதே அமிலத்தில் 100 மி.லி. காரம் சேர்த்தால் மீதி அமிலம் பூஜ்ஜியம், அதாவது சமானப் புள்ளி. இங்கே ஹென்டர்சனுக்கு வேலையே இல்லை, பூஜ்ஜியத்தால் வகுக்கப் போகிறீர்களா? இருப்பது வெறும் அசிட்டேட், மொத்தக் கனஅளவு 200 மி.லி., செறிவு 0.050 மோலார். நீராற்பகுப்பு (அசிட்டேட் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடு தருவது) வழியாகப் போனால் பிஎச் 8.73. பஃபரில் இரண்டு மோலும் ஒரே கனஅளவில் இருப்பதால் விகிதத்தில் அது அடிபட்டுப் போகிறது, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கனஅளவை மறந்துவிட்டு 0.10 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 110 மி.லி. சேர்த்தாலோ மீதமிருக்கும் 1 மில்லிமோல் காரம்தான் பிஎச்சைத் தீர்மானிக்கிறது: 11.68.

அப்புறம், பஃபரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கும் கணக்கு. அசிட்டேட் குறையும், அசிட்டிக் அமிலம் கூடும். இதைத் தலைகீழாகப் போட்டு, அமிலம் ஊற்றியும் பிஎச் ஏறிவிட்டதைக் கவனிக்காமலேயே விடைக்கு அடியில் கோடு போடுகிறார்கள். ஒரு நொடி நிறுத்தி விடையைப் பாருங்கள்.

நீர்த்த பஃபரும் அதே பஃபர் என்று நினைப்பது

தண்ணீர் ஊற்றினால் விகிதம் மாறாது, பிஎச் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆனால் அமிலமோ காரமோ சேர்ந்தால் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஎச் 8

அமிலத்தைக் கரைத்தால் காரக் கரைசல் வருமா? தண்ணீர் தரும் அயனிகளையும் சேருங்கள். 6.98.

எக்ஸ் சிறியது என்று கண்ணை மூடிக்கொண்டு விடுவது

எக்ஸ் என்பது அயனியாகப் பிரியும் அமிலத்தின் செறிவு. அதைத் தொடக்கச் செறிவிலிருந்து கழிக்காமல் விடுவது அசிட்டிக் அமிலத்தில் பெரும்பாலும் செல்லும். 0.010 மோலார் குளோரோஅசிட்டிக் அமிலத்தில் (பிகேஏ 2.87) செல்லாது: தோராயம் 2.44 தரும், இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 2.51. கிடைத்த எக்ஸ் தொடக்கச் செறிவில் 5 சதவீதத்தைத் தாண்டினால் தோராயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இருபடிக்குப் போங்கள்.

பிஎச் 7 என்றால் நடுநிலை

25 டிகிரி செல்சியஸில் மட்டும். 50 டிகிரியில் சுத்தமான தண்ணீரின் பிஎச் சுமார் 6.6, அப்போதும் அது நடுநிலைதான்.