தம்பிக்கு சொக்சோ பணம் கிடைத்த கதை

பட்டர்வொர்த்திலிருந்து பிறைக்கு வேலைக்குப் போகும் வழியில் தம்பியின் மோட்டாரை லாரி உரசி, கணுக்கால் முறிந்தது. "ரோட்டில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள். அநியாயம்! மலேசியாவின் 1969ஆம் ஆண்டு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சட்டப்படி வேலைக்குப் போகிற வழியில் நடப்பதும் வேலை விபத்துதான். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நேராக சொக்சோ அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), போலீஸ் ரிப்போர்ட், வேலை நேரம் பதியும் பஞ்ச் கார்டு, அதோடு வீட்டிலிருந்து வேலையிடம் வரை பாதையின் வரைபடம் வேண்டும் என்றார். வெள்ளைத் தாளில் சிக்னல், பெட்ரோல் நிலையம், லாரி உரசிய இடம் எல்லாம் குறித்துக் கொடுத்தேன். இதை விட்டுவிடாதீர்கள், வழக்கமான பாதைதானா என்று பார்க்கிறார்கள். கம்பெனிக்கு அந்த அம்மாவே போன் போட்டார். கம்பெனி தர வேண்டிய விபத்து பாரம் (படிவம்) மறுபேச்சில்லாமல் வந்தது.

எம்சி நாட்களுக்கு, சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தம்பியின் பேங்க் கணக்கில் விழுந்தது. எம்சி குறைந்தது 4 நாள் இருக்க வேண்டும்.