சரக்கு ரயிலில் எரிபொருளையும் கரியுமிழ்வையும் குறைப்பது எப்படி?

1860ஆம் ஆண்டு ஜூன் மாதம் இன்றைய தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில், அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் முதல் நீராவி ரயில் ஓடியது. அதே ஆண்டு நவம்பரில், சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் இங்கே வந்திறங்கினர். பின்னாளில் அவர்களில் பலருக்கு ரயில்பாதை வேலையே பிழைப்பாயிற்று. இன்றும் யார்டிலும் (ரயில்களை நிறுத்திக் கோர்க்கும் இடம்) கட்டுப்பாட்டு அறையிலும் பணிமனையிலும் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புதிய எஞ்சின் வரட்டும் என்று காத்திருக்காமல், இருப்பதை ஒழுங்காக ஓட்டியே கணிசமான கரியுமிழ்வைத் தவிர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், மின்மயமான பாதைக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை அளப்பது. மாதம் எத்தனை லிட்டர் செலவாயிற்று என்று மட்டும் பார்க்காதீர்கள். சரக்கு குறைந்தாலே அந்த எண் இறங்கிவிடும். ரயிலை விட்ட சரக்கு டர்பனையும் ஜோகானஸ்பர்க்கையும் இணைக்கும் என்-3 நெடுஞ்சாலையில் லாரி ஏறிப் போய் அதைவிட அதிகமாகப் புகை விடும். ஆகவே எரிபொருளையோ மின்சாரத்தையோ, கொண்டுசேர்த்த சரக்கின் டன்-கிலோமீட்டரால் (எடையை டன்னிலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் பெருக்கி வரும் எண்) வகுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே எழுதி வையுங்கள்.

அடுத்து, தேவையற்ற நிறுத்தங்களைத் தேடுங்கள். 2,000 டன் ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் சுமார் 77 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான இயக்க ஆற்றல் இருக்கிறது. சிவப்பு சிக்னலுக்காக பிரேக் பிடித்தால் அத்தனையும் பிரேக் கட்டைகளில் வெப்பமாகிப் போய்விடும். மீண்டும் அதே வேகத்தை எட்ட டீசல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 20 லிட்டருக்கு மேல் தேவை. அதாவது 50 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு, ஒரே ஒரு நிறுத்தத்துக்கு. எதிர் ரயில் தாமதமாகும் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தவுடனேயே டிரைவருக்குச் சொல்லிவிட வேண்டும். 60-இல் வந்து அரைமணி நேரம் நிற்பதைவிட, முன்கூட்டியே வேகத்தைத் தளர்த்தி, கிராசிங்கை (ஒற்றைப் பாதையில் எதிர் ரயிலுக்கு ஒதுங்கி வழிவிடும் இடம்) அடையும்போது பச்சை விளக்கைக் காண்பது எவ்வளவோ மேல். வந்துசேரும் நேரமும் மாறுவதில்லை.

மலைப்பாதையில்தான் கவனம் அதிகம் வேண்டும். டர்பனில் கடல்மட்டத்தில் புறப்படும் பாதை ஜோகானஸ்பர்க்கை அடைவதற்குள் 1,700 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. இறங்கும் ரயிலின் மோட்டார்களை மின்னாக்கிகளாக மாற்றி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்ப முடியும் என்றாலும், 3,000 வோல்ட் நேர்மின்சாரப் பாதையில் அதை வாங்கிக்கொள்ள அருகிலேயே இன்னொரு ரயில் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். பொதுவாக, சாதாரண துணைமின்நிலையம் அதைத் திரும்ப ஏற்காது. வாங்க ஆளில்லாத மின்சாரம் எஞ்சினிலுள்ள மின்தடையிகளில் (ரெசிஸ்டர்) வெப்பமாகவே வீணாகிறது. எனவே ஒரே மின்பகுதியில் (மேல்கம்பி இணைந்திருக்கும் பகுதி) ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும்படி கால அட்டவணையை அமையுங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை. அட்டவணை போடுபவரின் பொறுமை போதும்.

யார்டில் நிற்கும் டீசல் எஞ்சினைப் பாருங்கள். இழுக்க ஒரு வேகனும் இல்லாமல், தரை அதிர உறுமிக்கொண்டு, மணிக்கு 10 முதல் 20 லிட்டர் வரை குடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி பலவீனமாக இருப்பதால் திரும்பக் கிளம்பாது என்ற அச்சத்திலேயே பல எஞ்சின்கள் அணைக்கப்படுவதில்லை. ஆகையால் அணைக்கச் சொல்லி உத்தரவு போடுவதற்கு முன் பேட்டரியையும், எஞ்சின் நின்றதும் பிரேக்கின் காற்றழுத்தத்தை இறக்கிவிடும் குழாய்க் கசிவையும் சரிசெய்யுங்கள்.

நீளமான ரயில் சிக்கனம்தான். ஸிஷென் சுரங்கப் பகுதியிலிருந்து சல்டானா துறைமுகம் வரையிலான 861 கிலோமீட்டர் பாதையில் 2019இல் 375 வேகன்கள் கொண்ட மாங்கனீசு ரயிலே ஓடியது. ஆனால் உங்கள் கிராசிங் பாதையில் அடங்காத நீளத்தைக் கோர்த்தால், மற்ற ரயில்கள் நின்று நின்று அந்த லாபத்தைத் தின்றுவிடும். வெற்று வேகன்களுக்குத் திரும்பும் வழியில் சரக்கு கிடைக்குமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, ரயில் வந்து நின்றதும் வெப்பமானியோடு ஒருமுறை நடந்து பாருங்கள். மற்றவை ஆறியிருக்க ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அந்த வேகனின் பிரேக் விடுபடாமல் வழிநெடுக உரசிக்கொண்டே வந்திருக்கக்கூடும். வேகன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த பயணத்துக்கு முன் அந்த வேகனைக் கழற்றிவிடுங்கள்.