கெட்டுப்போன பிரியாணியைக் குப்பையில் போடுவதற்கு முன்

பார்சல் பிரியாணியைப் பிரித்ததும் ஊசிப்போன வாடை. நம்மில் பலர் உடனே பொட்டலத்தைக் குப்பையில் வீசிவிட்டு, கடைப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் பொங்கித் தீர்ப்போம். பில்லும் பொட்டலத்தோடு போய்விடும். குழுவில் போட்ட செய்தி கடைக்காரரின் காதுக்கும் எட்டும். அதிகாரி வருவதற்குள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

நாம் பிரித்துப் பாதி தின்ற பொட்டலத்தை மட்டும் நம்பி வழக்கு நடத்துவது கஷ்டம். உணவு பாதுகாப்பு அலுவலர் கடைக்குப் போய்த் தானே மாதிரி எடுக்க வேண்டும். அதை நான்கு பங்காக்கி, முத்திரையிட்டு, ஒரு பங்கைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். அறிக்கைக்கு 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் கொடுக்கும் கெடு 14 நாள். ஆகவே அந்த அண்டா காலியாகும் முன் புகார் போய்ச் சேர வேண்டும். மறுநாள் ஆற அமரச் சொன்னால் எடுக்க மாதிரியே இருக்காது. பாக்கெட் பொருள் என்றால் பேட்ச் எண், தேதி, 14 இலக்க உரிம எண் எல்லாம் தெரியும்படி கவரைப் படமெடுத்து வையுங்கள்.

அடுத்த தவறு, சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பது. கடை வாசலில் குப்பை, சாக்கடை அடைப்பு என்றால் அதுதான் சரி. இலையில் விழுந்த சோற்றுக்கு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.

கண்ணால் பார்த்தே தீர்ப்பு எழுதவும் வேண்டாம். 2018 நவம்பரில் ஜோத்பூர் ரயிலில் எழும்பூர் வந்திறங்கிய 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியை, வால் நீளமாக இருக்கிறது என்று நாய்க்கறி ஆக்கிவிட்டது ஊர். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது அது ஆட்டுக்கறி. சுகாதாரக் கேடு என்பது வேறு கேள்வி, அதை யாரும் கேட்கவில்லை. அந்த சில வாரங்கள் பிரியாணிக் கடைகள் பட்ட பாடு தனிக்கதை.

கடைக்காரர்களுக்கும் கொஞ்சம். காலாவதியான பாக்கெட்டுகளை "ஏஜென்ட் வந்தா எடுத்துப்பார்" என்று விற்பனைச் சரக்குக்குப் பக்கத்திலேயே அடுக்குவது மளிகைக் கடைகளில் சகஜம். ஆய்வுக்கு வருபவருக்கு அது விற்பனைக்கு வைத்த சரக்காகத்தான் தெரியும். தனிப்பெட்டியில் போட்டு, "விற்பனைக்கு அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். திருப்பி அனுப்பிய ரசீதும் கையில் இருக்கட்டும்.

அதைவிட மோசம், கெட்ட சரக்கை முழுசாகத் தொட்டியில் போடுவது. உடையாத பாக்கெட்டை யாரோ எடுப்பார்கள், துடைத்து மறுபடி விற்பார்கள். பறிமுதல் செய்த மீன், பழத்தின் மேல் அதிகாரிகள் பிளீச்சிங் பவுடரோ பினாயிலோ கொட்டுவது இதற்காகத்தான். நீங்களும் கவரைக் கிழித்துக் கொட்டுங்கள். தெருநாய்க்கும் மாட்டுக்கும் வைப்பது புண்ணியம் இல்லை, அதுகளுக்கும் வயிறு இருக்கிறது.

பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கெட்டு உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அடுப்பில் ஏற்றக் கூடாது. சாக்கடையில் ஊற்றினால் அடைக்கும். "யாராவது எடுத்துக்கட்டும்" என்று விட்டால் தெருமுனைத் தட்டுக்கடை வடைச் சட்டிக்கு வந்துவிடும். பயோடீசலுக்கு வாங்குபவர்களிடம் கொடுத்து, எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.